ராமானுஜன் அட்டவணையில் இல்லாத ஒரு வரி: பழைய லேப்டாப்பில் பெரிய பகு எண்கள்

6746328388800. கோடிக் கணக்கில் சொன்னால் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற எண்கள் மொத்தம் 10080. இதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் இல்லை. இப்படித் தனக்கு முன்னால் வருகிற அத்தனை எண்களையும் வகுத்தி எண்ணிக்கையில் முந்துகிற எண்ணுக்கு உயர் பகு எண் என்று பெயர். 12, 24, 36, 48, 60 எல்லாம் இந்தக் குடும்பம்தான். 72 கிடையாது. அதற்கு 12 வகுத்திகள். ஆனால் 60-க்கே 12 வந்துவிட்டது.

ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இந்த எண்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 347-ம் பக்கத்தில் ஆரம்பித்து 409-ல் முடியும். அதில் 2-ல் தொடங்கி 102 உயர் பகு எண்களைக் காரணிப்படுத்தி அட்டவணையாகக் கொடுத்திருக்கிறார். கடைசி வரி, மேலே உள்ள 6746328388800. மெட்ராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கித் தந்தது இந்த வேலைதான். அந்த அட்டவணையை என் லேப்டாப்பில் முதலிலிருந்து மறுபடி போட்டெடுக்க வேண்டும், முடிந்தால் அதைத் தாண்டியும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

நான் திருவல்லிக்கேணியில் டியூஷன் எடுக்கிறவன். கணிதமும் கொஞ்சம் பைத்தானும். லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. கோடையில் ஒரு வீடியோ ஓடினாலே விசிறி அலறும். நீண்ட நேரக் கணக்கைக் கொடுப்பதற்கு முன்னால் சுத்தம் செய்துவிடலாம் என்று அடி மூடியைத் திறந்தேன். விசிறி இறகுகளுக்கும் வெப்பத் தகடுக்கும் நடுவே தூசி பட்டையாகப் படிந்து, காற்று போக வழியே இல்லாமல் இருந்தது. பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். பிராசசர் மேல் இருந்த பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தேன். ரேம் 4 ஜிபிதான் இருந்தது. இன்னொரு 4 ஜிபி வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன்.

கடைக்காரர் ரேமைச் சோதித்துக்கொண்டே, "என்ன சார், கேமிங்கா?" என்றார்.

"இல்லைங்க, வகுத்தி எண்ணணும்."

"அதுக்கு எதுக்கு சார் ரேம்?" என்று சிரித்தார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது அப்புறம் வருகிறது.

முதலில் எல்லாரும் செய்கிற வழி. ஒரு நீளமான பட்டியல் எடுத்து எல்லா இடத்திலும் சுழியம் போடு. 1-ன் மடங்குகளுக்கெல்லாம் ஒன்று கூட்டு, 2-ன் மடங்குகளுக்கெல்லாம் ஒன்று கூட்டு, 3-ன் மடங்குகளுக்கு... கடைசியில் ஒவ்வொரு இடத்திலும் அந்த எண்ணின் வகுத்தி எண்ணிக்கை நிற்கும். 1 கோடி வரை போக சுமார் 16 கோடி கூட்டல்கள். மெமரியை மிச்சம் பிடிக்க ஒரு எண்ணுக்கு ஒரு பைட் ஒதுக்கலாமா என்றால் முடியாது. ஒரு பைட்டில் 255-க்கு மேல் நிற்காது. 1081080-க்குச் சரியாக 256 வகுத்திகள். இதற்கு முந்தைய உயர் பகு எண் 720720, அதற்கு 240-தான். ஆகவே இரண்டு பைட். 1 கோடிக்குள் கிடைத்த கடைசி உயர் பகு எண் 8648640, வகுத்திகள் 448.

இதே வழியில் ராமானுஜனின் கடைசி வரி வரை போக முடியுமா? எண்ணுக்கு இரண்டு பைட் என்றால் 13 டெராபைட்டுக்கு மேல் வேண்டும். கூட்டல்கள் கிட்டத்தட்ட 2-க்குப் பின்னால் 14 சுழியம். விநாடிக்கு 1 கோடி கூட்டல் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஏழரை மாதம் ஆகும். ரிச்சி தெருவையே விலைக்கு வாங்கினாலும் கட்டுபடியாகாது.

ராமானுஜன் இதை எப்படிப் போட்டிருப்பார்? எண்ணை எண்ணாகப் பார்க்காமல் அடுக்குகளாகப் பார்த்தார். எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக எழுதலாம். வகுத்தி எண்ணிக்கை வேண்டுமானால் ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கினால் போதும். நம் கடைசி வரி இது:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

வகுத்திகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080. பகா எண் எது என்பது வகுத்தி எண்ணிக்கையைப் பாதிப்பதே இல்லை, அடுக்கு மட்டும்தான் பாதிக்கிறது. அப்படியானால் பெரிய அடுக்கைச் சின்னப் பகா எண்ணுக்குக் கொடுப்பதுதான் சிக்கனம். 2 × 3² = 18; அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3 = 12. இரண்டுக்கும் 6 வகுத்திகள், ஆனால் 12 சின்னது, ஆகவே 18 வெளியே. இதிலிருந்தே முதல் விதி வந்துவிடுகிறது: உயர் பகு எண்ணில் அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறவே ஏறாது; நடுவில் எந்தப் பகா எண்ணும் விட்டுப்போகாது. இரண்டாவது விதி: 4, 36 இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1. முதல் விதியை எட்டாம் வகுப்புப் பையனுக்கும் சொல்லிப் புரியவைக்கலாம். இரண்டாவதை நிறுவக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

டியூஷனில் இதைச் சொன்னபோது பிளஸ் டூ ரேவதி ஒரு கேள்வி கேட்டாள். "சார், அப்படின்னா 20 ஃபேக்டோரியல்தானே பெரிய ஆளு? அதுல 1-லேருந்து 20 வரைக்கும் எல்லாமே அடங்கியிருக்கே."

நல்ல கேள்வி. போட்டுப் பார்த்தோம். 20 ஃபேக்டோரியல், அதாவது 1 முதல் 20 வரை எல்லாவற்றையும் பெருக்கியது, 2432902008176640000. காரணிப்படுத்தினால் 2¹⁸ × 3⁸ × 5⁴ × 7² × 11 × 13 × 17 × 19, வகுத்திகள் 41040. இதைவிடச் சின்ன எண் 897612484786617600. அது 2⁸ × 3⁴ × 5² × 7² போட்டு, 11 முதல் 37 வரையான பகா எண்கள் ஒவ்வொன்றையும் ஒரு தடவை பெருக்கியது. அதன் வகுத்திகள் 103680. இரண்டரை மடங்குக்கும் மேல். ஃபேக்டோரியல் 2-ன் மேல் 18 அடுக்கைக் கொட்டி வீணடிக்கிறது. பதினெட்டாவது 2-ஐச் சேர்ப்பதால் வகுத்தி எண்ணிக்கை 18-லிருந்து 19 மடங்காக நகர்கிறது, அவ்வளவுதான். அதே இடத்தில் ஒரு புதுப் பகா எண் வந்தால் எண்ணிக்கை அப்படியே இரட்டிப்பாகும். 1-க்குப் பின் 18 சுழியம் என்ற வரம்புக்குள் எந்த எண்ணுக்கும் 103680-க்கு மேல் வகுத்தி கிடையாது என்பது கோடிங் போட்டிகளுக்குப் போகிற காலேஜ் பசங்களுக்கு மனப்பாடம். அந்த உச்சத்தைத் தொடுகிற எண் இதுதான்.

சரி, நிரல். முதலில் 'அடுக்குகள் ஏறக்கூடாது' என்ற விதியை மட்டும் வைத்து, வரம்புக்குள் வரும் எல்லாப் பெருக்கல்களையும் உருவாக்கி, வரிசைப்படுத்தி, முந்தைய சாதனையை முறியடிப்பவற்றை மட்டும் எடுத்தேன். வேலை செய்தது. ஆனால் இன்னும் அழகான வழி ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பகா எண்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். முதலில் 2-ன் அடுக்குகள் மட்டும். வரம்பு 100 என்றால் 1, 2, 4, 8, 16, 32, 64. பக்கத்திலேயே வகுத்தி எண்ணிக்கை: 1, 2, 3, 4, 5, 6, 7. இப்போது ஒவ்வொன்றையும் 1, 3, 9, 27, 81-ஆல் பெருக்கி, 100-ஐத் தாண்டியதை விட்டுவிட்டு, ஏறுவரிசையில் வை. அப்புறம் களையெடு: தனக்கு முந்தைய சின்ன எண்ணைவிட வகுத்தி அதிகமாக இல்லாத எதையும் தூக்கி எறி. 3 போய்விடும், ஏனென்றால் 2-க்கும் 2 வகுத்திதான். 6 வந்ததால் 8 போகும். 12 வந்ததால் 16, 18 இரண்டும் போகும். மிஞ்சுவது 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 72. அடுத்து 5-ஐ உள்ளே விடு; 60 வந்து 72-ஐத் தள்ளிவிடும். அடுத்து 7, 100-க்குள் அதனால் எதுவும் மாறாது.

இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் எறிவது பாதுகாப்பானதுதானா? ஆமாம். எறிந்த எண்ணும் அதைத் தோற்கடித்த எண்ணும் இதுவரை வந்த பகா எண்களால் மட்டுமே ஆனவை. இனி வரப்போகும் புதிய பகா எண்களால் இரண்டையும் ஒரே மாதிரி பெருக்கினாலும் தோற்றது தோற்றதுதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தக் களையெடுப்பை வைத்துக்கொண்டால் 'அடுக்குகள் ஏறக்கூடாது' என்ற விதியை நிரலில் எழுதக் கூடாது. எழுதினால், தோற்கடித்த எண்ணுக்குப் புதுப் பகா எண்ணைச் சேர்க்க விதி இடம் கொடுக்காமல் போகலாம். அப்போது எறிந்தது தப்பாகிவிடும். விதியைச் சொல்லாமலே விட்டால், கடைசியில் வரும் பட்டியலில் அது தானாகவே வந்து நிற்கிறது. சொல்லிக் கொடுக்காததை நிரல் நமக்கே திருப்பிச் சொல்வதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

ராமானுஜனின் கடைசி வரி வரை போக 31 வரையிலான பகா எண்கள் போதும். 37 வரையான பகா எண்களைத் தலா ஒரு முறை பெருக்கினாலே 7420738134810 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். நிரலை ஓட்டினேன். விசிறி சத்தம்கூட எழவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிட்டது. பயன்பட்ட மெமரி வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு போட்டோ அளவுகூட இருக்காது. ரிச்சி தெரு ரேம் இப்போது பிரவுசருக்கு உதவுகிறது.

2-லிருந்து எண்ணினால் நிரல் கொடுத்தவை 103. அட்டவணையில் 102. அட்டவணையின் எண்களை ஒரு ஃபைலில் வரி வரியாகத் தட்டி, நிரலின் ஃபைலோடு ஒப்பிட்டேன். ஒரே ஒரு வரிதான் வித்தியாசம்: 293318625600. ராமானுஜன் அட்டவணையில் இந்த எண் விடுபட்டிருப்பது கணிதக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான், நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. ஆனாலும் டெர்மினலில் அந்த ஒற்றை வரி தனியாக வந்து விழுந்தபோது கொஞ்சநேரம் வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

அதன் காரணிகள்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. வகுத்திகள் 5040. இதற்கு மேல் கணினியை மூடிவிட்டு நோட்டில் போட்டோம். முந்தைய உயர் பகு எண் 240940299600, வகுத்திகள் 4800. அது 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. விடுபட்டதற்கு அடுத்தது 321253732800, வகுத்திகள் 5376. அது 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. முந்தையதிலிருந்து விடுபட்டதற்கு வர, 23-ஐ எடுத்துவிட்டு இரண்டு 2-ம் ஒரு 7-ம் சேர்க்க வேண்டும். எண் 28/23 மடங்காகிறது. வகுத்தி 21/20 மடங்காகிறது. 4800-ஐ 20-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினால் 5040. அங்கிருந்து அடுத்ததற்குப் போக, ஒரு 3-ம் ஒரு 7-ம் போய் 23 உள்ளே வருகிறது. எண் 23/21 மடங்கு, வகுத்தி 16/15 மடங்கு, 5376. பன்னிரண்டு இலக்க எண்கள் மூன்றை ஒப்பிட ஒரு பெருக்கல்கூடப் போடவில்லை.

அட்டவணையின் இந்தப் பகுதியில் இரண்டு குடும்பங்கள் கலந்து வருகின்றன. ஒன்றில் மிகப் பெரிய பகா எண் 19, மற்றதில் 23. 64250746560-ல் 23 முதல் தடவையாக எட்டிப் பார்க்கிறது. அதற்குப் பிறகும் 19-ன் ஆட்கள் இடையிடையே வருகிறார்கள். 293318625600-தான் 19 குடும்பத்தின் கடைசி ஆள். அதற்குப் பின் அட்டவணை முடியும் வரை எல்லாவற்றிலும் 23 இருக்கிறது. இந்தக் கடைசி ஆள்தான் விட்டுப்போயிருக்கிறது.

இன்னொன்றை ரேவதிதான் முதலில் கவனித்தாள். "சார், லாஸ்ட் லைன்ல 23-ஐ மட்டும் மறைச்சுப் பாருங்க." மறைத்தேன். 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. விடுபட்ட எண் அப்படியே இருக்கிறது! 293318625600 × 23 = 6746328388800. வகுத்தி 5040, அதன் இரு மடங்கு 10080. இந்த 5040-ம் 10080-ம்கூட உயர் பகு எண்கள்தான்.

அட்டவணையைத் தாண்டிப் போக வேறு கருவி வேண்டும். உயர் பகு எண்களுக்குள்ளேயே ஒரு மேல்தட்டு உண்டு. ஆங்கிலத்தில் சுப்பீரியர் ஹைலி காம்போசிட் என்பார்கள். இதையும் வகுத்தவர் ராமானுஜன்தான். 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440, 720720 என்று போகும். ஒவ்வொன்றும் முந்தையதை ஒரே ஒரு பகா எண்ணால் பெருக்கினால் வருவது. எந்தப் பகா எண்? கோயம்பேட்டில் கொடுக்கிற காசுக்கு எது அதிக எடை என்று பார்த்து வாங்குவது மாதிரிதான். வகுத்தி எத்தனை மடங்கு கூடுகிறது என்பதன் லாகரிதத்தை, எண் எத்தனை மடங்கு கூடுகிறது என்பதன் லாகரிதத்தால் வகுக்க வேண்டும். யாருக்கு அதிகமோ அவரே அடுத்தவர்.

ஒரு படியை மட்டும் காட்டுகிறேன். 2248776129600-ல் நிற்கிறோம். அடுக்குகள் 2-க்கு 6, 3-க்கு 3, 5-க்கும் 7-க்கும் 2, அப்புறம் 23 வரை ஒவ்வொன்று. புதிதாக 29-ஐச் சேர்த்தால் வகுத்தி இரட்டிப்பு: லாக் 2 வகு லாக் 29, அதாவது 0.2058. நாலாவது 3-ஐச் சேர்த்தால் வகுத்தி 5/4 மடங்கு: 0.2031. 31-க்கு 0.2018. ஏழாவது 2-க்கு 0.1926. மூன்றாவது 5-க்கு 0.1787. ஆகவே முதலில் 29, பிறகு 3, பிறகு 31. இப்படியே 6064949221531200 வரை வந்தேன். அங்கிருந்து 2, 37, 41.

இந்த 41-ல் ஒரு வேடிக்கை. பைத்தானின் சாதாரண முழு எண்ணுக்கு நீள வரம்பு இல்லை. நம்பை நூலகத்தின் 64 பிட் எண்ணுக்கு வரம்பு உண்டு. அதில் போட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமென்றே ஓட்டினேன். 448806242393308800 வரை ஒழுங்காக வந்தது. அதை 41-ஆல் பெருக்கியதும் திரையில் −45688135583890816. ஓட்டம் நிற்கவில்லை, பிழைச் செய்தி எதுவும் இல்லை. உண்மையான விடை 18401055938125660800. குறியில்லாத 64 பிட் எண்ணின் உச்சமான 18446744073709551615-க்குள் இது மயிரிழையில் அடங்குகிறது. ஒரு பிட்டைக் கூட்டல் கழித்தல் குறிக்குக் கொடுத்துவிட்டால் அடங்காது. 64 பிட்டுக்குள் வரக்கூடிய எண்களில் மிக அதிக வகுத்தி உள்ள எண் இதுதான், 184320. கணினியில் எண் வகையைப் பற்றிப் பாடம் எடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதற்குப் பிறகு எண்ணை எண்ணாக வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டேன். நிரலில் ஒரு அடுக்குப் பட்டியல் மட்டும். பெருக்குவது கடைசியில் அச்சிடும்போதுதான். 97-ஐச் சேர்த்ததும் நிறுத்திப் பார்த்தால்:

2⁹ × 3⁵ × 5³ × 7² × 11² × 13² × 17 × 19 × 23 × … × 97

46 இலக்கம். 1196 என்று ஆரம்பித்து மூன்று சுழியத்தில் முடிகிறது. மூன்றுதான், ஏனென்றால் 5-ன் அடுக்கு 3. வகுத்திகள் 10 × 6 × 4 × 3 × 3 × 3 × 524288. மொத்தம் 3397386240, சுமார் 340 கோடி. அத்தனையையும் திரையில் ஓடவிட்டு விநாடிக்கு ஒன்று பார்த்தால் நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் எத்தனை என்று சொல்ல ஒரு பெருக்கல் போதும். இதற்கு நேர் எதிர்த் துருவம் ஆர்எஸ்ஏ எண்கள், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி உருவாக்கியவை. 250 இலக்கம் கொண்ட ஆர்எஸ்ஏ-250-க்கு மொத்தமே நாலு வகுத்திகள்: 1, இரண்டு பகா எண்கள், அது தானே. அந்த இரண்டைப் பிரித்தெடுக்க 2020-ல் சுமார் 2700 கோர்-ஆண்டுக் கணினி உழைப்பு தேவைப்பட்டது (பிராசசரின் ஒரு கோர் ஓராண்டு ஓடினால் ஒரு கோர்-ஆண்டு). இலக்கம் அதிகமானால் எண் கடினம் என்று பசங்கள் நினைக்கிறார்கள். காரணிகள் தெரிந்த எண்ணில் பெரிசு சின்னது என்பதே அச்சிடும்போது மட்டும் வருகிற தொல்லை.

காரணி கையில் இருப்பதால் இன்னொரு சோதனையும் செய்தேன். வகுத்திகளை எண்ணுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் கூட்டினால்? 5040-ன் வகுத்திகளின் கூட்டுத்தொகை 19344. கீ ராபின் என்ற பிரெஞ்சுக் கணிதர் 1984-ல் ஒரு விஷயத்தை நிறுவினார். எண்ணை 1.78107-ஆல் பெருக்கு, அந்த எண்ணின் இயல் லாகரிதத்துக்கு மறுபடி லாகரிதம் எடுத்து அதாலும் பெருக்கு. 5040-க்கு மேல் எந்த எண்ணின் வகுத்திக் கூட்டுத்தொகையும் இந்த வரம்பைத் தொடாது என்றால் ரீமான் கருதுகோள் (பகா எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைப் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ஊகம்) உண்மை. அது உண்மை என்றால் இதுவும் உண்மை. 5040-க்கு வரம்பு சுமார் 19237. கூட்டுத்தொகை அதைத் தாண்டுகிறது. 10080-க்கு வரம்பு ஏறக்குறைய 39877. கூட்டுத்தொகை 39312, உள்ளே வந்துவிட்டது. நம் 46 இலக்க எண்ணுக்குக் கூட்டுத்தொகை அந்த எண்ணைப்போல 8.12 மடங்கு, வரம்பு 8.27 மடங்கு. உள்ளேதான், ஆனால் நெருக்கமாக.

ராமானுஜன் கட்டுரையின் பின்பகுதி 1915-ல் அச்சாகவில்லை. சங்கம் பண நெருக்கடியில் இருந்ததால் செலவைக் குறைக்க நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் பகுதியில் வகுத்திக் கூட்டுத்தொகைக்கும், ரீமான் கருதுகோளை உண்மையென்று வைத்துக்கொண்டு, இதே மாதிரி வரம்புகளைத் தேடியிருந்தார். அது 1997-ல்தான் ராமானுஜன் பெயரிலேயே உள்ள ஆய்விதழில் குறிப்புகளோடு வெளியானது. குறிப்புகளை எழுதிய இருவர் ழான் லூயி நிக்கோலாவும் அதே ராபினும்.

இப்போது 97-க்கு மேல் போய்க்கொண்டிருக்கிறேன். இதற்கு நிரல்கூட வேண்டாம். ஒரு பகா எண் இரண்டாவது முறையாக எப்போது வரும் என்பதற்குக் குறுக்குவழி இருக்கிறது: அதன் லாகை 1.7095-ஆல் பெருக்கு, வரும் லாகுக்குரிய எண் எந்தப் பகா எண்களுக்கு நடுவே விழுகிறதோ அங்கே. 7-க்கு 27.8, ஆகவே 23-க்கும் 29-க்கும் நடுவே. 11-க்கு 60.3, 59-க்கும் 61-க்கும் நடுவே. 13-க்கு 80.2. அடுத்து 17-க்குப் போடச் சொல்லி ரேவதியிடம் கால்குலேட்டரை நீட்டினால், "பரவால்ல சார், பிராக்டிகலுக்கு வாங்கின லாக் புக்கு இருக்கு" என்று பையிலிருந்து எடுத்தாள். 17-க்கு 1.2304, 1.7095-ஆல் பெருக்கினால் 2.1034. 127-க்கு 2.1038. நாலாவது தசம இடத்தில் 4 வித்தியாசம். இரண்டாவது 17 முதலில், 127 அதற்குப் பின்னால். நிரலை ஓட்டிப் பார்த்தோம், 113, 17, 127 என்றுதான் வந்தது.